மோதாத மொழி

பேராசிரியர் தில்லைநாயகம் ஒரு கணினி மொழியை உருவாக்கினார். எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டாலும் ஒன்றோடொன்று மோதவே மோதாத மொழி என்று, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வு மாணவி மாரிக்கனி மட்டும் அதில் ஒரு சந்தேகம் கேட்டுவிட்டாள்.

"நாளைக்கு மதிப்பீட்டுக் குழு வருது. மோதாதுன்னு அவங்க முன்னாடி நீயே நிரூபிச்சுக் காட்டு. காட்டினா உன் ஆய்வுக்கு ஒரு வருஷ நீட்டிப்பு. இல்லேன்னா ஊருக்குப் பெட்டியக் கட்டு" என்றார் பேராசிரியர்.

மறுநாள் குழுவின் முன் மாரிக்கனி எட்டு வேலைகளையும் ஓடவிட்டாள். எட்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தன. ஒரு மோதலும் இல்லை. பேராசிரியர் பொன்னாடைக்குத் தோள் கொடுப்பவர்போல் நிமிர்ந்தார்.

"எப்படிம்மா மோதாம ஓடுது?" என்று கேட்டார் குழுத் தலைவர் ரெஜினா.

"ஒண்ணு ஓடும்போது மத்த ஏழும் சும்மா நிக்குது மேடம். ஒவ்வொண்ணா ஓடவிட்டாலும் இதே எட்டு நிமிஷம்தான் ஆகும். எங்க ஆய்வகம் மாதிரிதான். சாவி சார் பையில இருக்கும். அவர் உள்ள இருந்தா நாங்க ஏழு பேரும் வராந்தாவுல நிப்போம். இதுவரைக்கும் உள்ள ஒரு சண்டை வந்ததில்ல."

ரெஜினா சிரிப்பை அடக்கிக்கொண்டு குறிப்பு எழுதினார்.

மாரிக்கனி நீட்டிப்புப் படிவத்தைப் பணிவாக நீட்டினாள். "மோதாதுன்னு நிரூபிச்சுட்டேன் சார்."

இல்லை என்று சொன்னால் மொழி மோதும் என்றாகிவிடும். பேராசிரியர் கையெழுத்துப் போட்டார்.