துருநோய்க்கு ராஜா செய்த வைத்தியம்

இன்றைக்குப் போனால் வழி சொல்ல ஆள் இல்லாத ஒரு மலைநாட்டில், ஒரு காலத்தில் வீரகேது என்று ஒரு ராஜா இருந்தான். கெட்டவன் இல்லை. முட்டாளும் இல்லை. இந்தக் கதையில் சங்கடமே அதுதான்.

அவன் தலைநகருக்கு மேலே செங்குத்தான ஒரு மலைச்சரிவு. ஒரு மழைக்காலத்தில் அது சரிந்து, கீழே கம்பளி நெய்கிறவர்கள் தெருவில் பாதியை மூடிவிட்டது. செம்பாயி என்பவளின் புருஷன் அதில் போனான். வேர் இல்லாத மண் நிற்காது என்று அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. செம்பாயி தன் பெண்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, ஊரோடு சேர்ந்து சரிவு முழுக்கப் பைன் கன்றுகள் நட்டாள்.

கன்றுகள் முழங்கால் உயரம் வந்தன. பிறகு நோய் கண்டது. முதலில் ஊசியிலைகள் மஞ்சளாயின. அப்புறம் இளந்தண்டு வீங்கியது. வீங்கின இடம் வெடித்து, இரும்புத் துரு மாதிரி ஒரு பொடி கொட்டியது. தண்டைச் சுற்றிப் பட்டை செத்துப்போய், அதற்கு மேலே எல்லாம் காய்ந்தது. பெரிய மரமாக இருந்தால் ஒரு கிளையைக் கொடுத்துவிட்டுத் தப்பிக்கும். விரல் பருமன் கன்று எதைக் கொடுக்கும்? உயிரைத்தான் கொடுத்தது.

ராஜா சும்மா இருக்கவில்லை. முதல் வருஷம் காற்றுதான் காரணம் என்று யாகம் செய்தான். காற்று யாகத்தை ஏற்றுக்கொண்டு பழையபடியே வீசியது. இரண்டாம் வருஷம் ஆடுகள்தான் காரணம் என்று மலையைவிட்டு விரட்டினான். ஆடுகள் போயின, நோய் போகவில்லை. மூன்றாம் வருஷம் நோய்க் கன்றுகளைப் பிடுங்கி எரித்தான். அந்த இடத்தில் நட்ட புதுக் கன்றுக்கும் அதே வீக்கம் வந்தது.

சரிவின் அடியிலேயே ராஜாவின் பழத்தோட்டம் இருந்தது. கறுப்பாய், புளிப்பாய் ஒரு சின்னப் பழம். அதைத் தேனில் ஊறப்போட்டு மூன்று வேளையும் சாப்பிடுவான். ஒருநாள் பழம் பறிக்கும்போது ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தான். அடியில் அதே துருப்பொடி.

தோட்டத்துக்கும் சரிவுக்குமாக நடந்து நடந்து, கடைசியில் ராஜா புரிந்துகொண்டான். பைனின் பொடி காற்றில் பழச்செடிக்கு வருகிறது. செடியில் வளர்ந்து திரும்பப் பைனுக்குப் போகிறது. பைனிலிருந்து பைனுக்கு நேராகத் தாவ இந்த நோய்க்குத் தெரியாது.

"இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் நோயே இல்லை" என்று சபையில் சொன்னான். நிஜமாகவே கெட்டிக்காரன்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன்.

சபைக்கு வந்திருந்த செம்பாயிக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்கே செடியைப் பிடுங்கிடலாமுங்களா மகாராஜா? எங்க தெருவே வந்து பிடுங்குது."

ராஜா தன் கையிலிருந்த பழக்கிண்ணத்தைப் பார்த்தான். அமைச்சர் குணசீலர் ராஜாவின் முகத்தைப் பார்த்தார். அவருக்குச் சம்பளமே அதற்குத்தானே.

"பிரபு, இரண்டில் ஒன்று என்றுதான் சொன்னீர்கள். எது என்று சொல்லவில்லை. பாவம், பழச்செடிகளுக்கு நோய் கொடுப்பதே இந்தப் பைன்கள்தான்" என்றார்.

"அதுவும் உண்மைதான்" என்றான் ராஜா. உண்மைதான், அதை யார் மறுக்க முடியும்?

"எம் புருஷன் அந்த மண்ணுக்கடியிலதான் கிடக்கிறாருங்க" என்றாள் செம்பாயி. "இன்னொரு தடவை சரிஞ்சா, எம் மகளும் போயிடுவா."

"நீ கேட்டது நோயை ஒழிக்கத்தானே தாயே? ஒழித்துவிடுகிறேன்" என்றான் ராஜா, ரொம்பக் கனிவாக.

ஒரு பைன்கூட மிச்சமில்லாமல் வெட்டினார்கள். துரு ஒழிந்த திருநாள் என்று ஊரெல்லாம் முரசு அறைந்தார்கள். செம்பாயி அன்றைக்கே சட்டி பானையையும் தறியையும் கட்டிக்கொண்டு, மகளோடு எதிர்மலைக்குப் போனாள். தெருக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். முதல் மழை விழுந்ததும் அவர்களும் பின்னாலேயே போனார்கள்.

அந்த மழைக்காலத்திலேயே சரிவு முழுசாக இறங்கியது. தெரு போயிற்று. பழத்தோட்டம் போயிற்று. அரண்மனையில் ஒரு பக்கமும் போயிற்று.

மழை விட்டதும் ராஜா சேற்றில் நின்றுகொண்டிருந்தான். தன் வீடு இருந்த இடத்தைத் தேடி வந்த செம்பாயியைப் பார்த்து, "நோயாவது போயிற்று அல்லவா?" என்று கேட்டான்.

"போயிடுச்சுங்க மகாராஜா" என்றாள் அவள். "பைனுக்கும் இல்ல, பழச்செடிக்கும் இல்ல."

உண்மையைக் கண்டுபிடிக்க அறிவு போதும், ஆனால் அதன்படி நடக்கத் தனக்குப் பிடித்ததை விட்டுக்கொடுக்கிற மனசு வேண்டும்.