ஆறாவது மாடல்

இது நான் நேரில் பார்த்ததில்லை. என்னுடன் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் சொன்னது. பேச்சு வார்த்தைக்கு வார்த்தை இப்படியே நடந்ததா என்று தெரியாது.

சங்கரன்கோவிலில் கோமதிநாயகம் என்பவர், பதினோரு பள்ளிகளின் இணையதளங்களைத் தன் கடையில் இருந்த ஒரே சர்வரில் வைத்து நடத்தினார். வயது ஐம்பத்திரண்டு. மாணவர் சேர்க்கை தொடங்கிய அன்று அந்த சர்வர் நின்றது. நான்கு நாள் எழவில்லை.

அடுத்த சேர்க்கைக்கு முன் புது சர்வர் வாங்க வேண்டும். பாளையங்கோட்டையில் சர்வர் பழுது பார்க்கும் ஷமீமாவிடம் போனார். ஷமீமாவுக்கு முப்பது வயது.

"நிக்காத சர்வரா ஒண்ணு சொல்லுங்கம்மா. இன்னொரு தடவை நின்னா பதினோரு ஸ்கூலும் என்னைய விட்டுப் போயிரும்."

ஆறு மாடல்கள் எழுதிய தாளை நீட்டினார். ஷமீமா அதை வாங்கவில்லை.

"போன வருசம் என்ன போச்சு அண்ணாச்சி?"

"ஃபேன். உள்ளங்கை அளவு ஃபேன். அது நின்னு, சூடேறி, எல்லாம் நின்னுபோச்சு."

"அதுக்கா நாலு நாள்?"

"உசந்த சர்வர்லா. ஃபேன் பெங்களூர்ல இருந்து வரணும்."

ஷமீமா அவர் கையிலிருந்த தாளைக் காட்டினார்.

"ஊருக்குப் போய் இந்த ஆறுக்கும் ஒவ்வொரு ஃபேன் வாங்குங்க."

"இன்னும் சர்வரே வாங்கலையே."

"அதனாலதான் சொல்றேன்."

கோமதிநாயகம் தன் ஊர் கம்ப்யூட்டர் கடையில் தாளை ஒவ்வொன்றாகப் படித்து ஃபேன் கேட்டார். முதல் மாடலுக்கு, "ஆர்டர் போடணும்" என்றார் கடைக்காரர். இரண்டாவதுக்கும் அதேதான். ஐந்தாவதுக்குச் சிரித்துவிட்டார்.

"கப்பல்ல வரும் அண்ணாச்சி. உக்காந்திருக்கியளா?"

ஆறாவது, கோமதிநாயகம் தயங்கித் தயங்கிக் கடைசியில் எழுதிய சாதாரண மாடல். கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. டிராயரைத் திறந்து ஒரு ஃபேனை எடுத்து மேசையில் வைத்தார்.

"எத்தனை வேணும்?"

கோமதிநாயகம் கடை வாசலிலிருந்தே ஷமீமாவுக்குப் போன் செய்தார்.

"ஆறாவதையே வாங்கிருதேன். இது நிக்காதுல்லா?"

"நிக்கும் அண்ணாச்சி. ஃபேனை மாட்டிப் பழகிக்கோங்க."

சொன்னவர் இத்துடன் முடித்துக்கொண்டார். எனக்கு மனம் ஆறவில்லை. கோமதிநாயகம் தன் சர்வர் நின்ற நேரங்களை யாரும் பார்க்கும்படி தன் தளத்தில் போட்டிருக்கிறார். தேடிப் பார்த்தேன். பதினோரு பள்ளிகளின் பெயரும் அந்தப் பக்கத்தில் இருந்தது.

அடுத்த சேர்க்கையின் இரண்டாம் நாள் காலை 10.42க்கு சர்வர் நின்றிருக்கிறது. 10.53க்கு மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது.