கொளுத்தாத கொல்லை

ஒரே ஒரு ஊர்ல காத்தாயி, காத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் போய்ச் சேர்ந்துட்டான். மூணு பிள்ளைக, ஒரு துண்டு மொளகாக் கொல்லை, அம்புட்டுத்தான் அவளுக்கு. விடிஞ்சா தண்ணி எறைக்கணும், களை வெட்டணும், வந்து உலை வைக்கணும். அவ அசதிய எறக்கி வைக்க ஒரு எடம் கெடைக்கலை. எனக்கு இப்ப இருக்கே, அந்த மாதிரின்னு வச்சுக்கோங்க. ம் கொட்டுங்க, இல்லாட்டி நானே தூங்கிருவேன்.

அந்த ஊரு மணியக்காரரு சடையாண்டி. எல்லாம் தெரிஞ்சவரு மாதிரியே பேசுவாரு. ஒருநா அவரு மண்ணக் கிளறிப் பாத்தா, உள்ள வெள்ளை வெள்ளையா நூலாட்டம் பூசணம் ஓடுது.

"சோத்துல பூசணம் பூத்தா சோறு கெட்டுப்போகுது. மண்ணுல பூத்தா மண்ணு கெடாதா? எல்லாரும் கொல்லையக் கொத்தி வைக்கோலப் போட்டுக் கொளுத்துங்க. கொளுத்தாதவங்க கொல்லை எனக்கு"ன்னு தண்டோராப் போட்டாரு. காத்தாயி கொல்லை மேல அவருக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு.

ஊரே கொளுத்துச்சு. காத்தாயியும் மம்பட்டியத் தூக்கப் பாத்தா, கை வரலை. அப்படியே மண்ணுல சாஞ்சுட்டா. சாஞ்சா, காதுக்கடியில யாரோ முனகுறாங்க.

"யாரது?"

"நாந்தாக்கா, வெள்ளை நூலு."

"உனக்கு அங்க என்ன வேலை?"

"வேரு எட்டாத தூரத்துக்குப் போயி தண்ணியும் சத்தும் கொண்டாந்து குடுக்கணும். அதுக்குச் செடி எனக்கு ரெண்டு வாய் இனிப்புக் கஞ்சி ஊத்தும். அழுகல் நோய் வந்தா, வேரச் சுத்தி நின்னு உள்ள விடமாட்டேன். எனக்கும் அசதிதாக்கா. என்னக் கொளுத்தாம இருந்தாப் போதும்."

"உன்னக் கொளுத்தத் தெம்பிருந்தா நான் ஏன் இப்படிக் கெடக்கேன்?"ன்னா காத்தாயி.

மணியக்காரரு வந்தாரு. "கொளுத்துனியா?" "நாளைக்கு." மறுநாளும் வந்தாரு. "கொளுத்துனியா?" "நாளைக்கு." மூணாம் நாளும் வந்தாரு. அப்ப காத்தாயி எந்திரிச்சு நின்னு, "கொளுத்த மாட்டேன் மணியக்காரரே. அதுவும் என்னாட்டம் பாடுபடுற சீவன்"னா. சொல்லிட்டாளே ஒழிய, கொல்லை போனா பிள்ளைகளுக்கு என்னத்த ஊத்துறதுன்னு உள்ளுக்குள்ள ஒரே கவலை.

"ராசா வரட்டும், உன் கொல்லைய எழுதி வாங்கிக்கிறேன்"னு போயிட்டாரு அவரு.

அப்புறம் எல்லாரும் நாத்து நட்டாங்க. அப்புறம் மழை பிடிச்சுச்சு. அப்புறம் அழுகல் வந்துச்சு. வேரு கறுத்து, செடி செடியாச் சாஞ்சுது. மொதல்ல சாஞ்சது மணியக்காரரு கொல்லை, அவருதான் மூணு தடவை கொளுத்தியிருந்தாரு. காத்தாயி கொல்லை மட்டும் பச்சைப்பசேல்னு நிக்குது.

ராசா வந்ததும், "இவ சூனியம் வச்சுட்டா சாமி"ன்னாரு மணியக்காரரு.

"என்னம்மா செஞ்ச?"ன்னு கேட்டாரு ராசா.

"ஒண்ணுமே செய்யலை ராசா. என்னால முடியலை."

ராசா ரெண்டு கொல்லையிலயும் ஒவ்வொரு செடியப் பிடுங்கிப் பாத்தாரு. மணியக்காரரோடது வேரு மொட்டையா, கறுப்பா வந்துச்சு. இவளோடதுல வெள்ளை நூலு மண்ணையும் வேரையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டே வந்துச்சு.

"கொல்லை இவளுக்குத்தான். மணியக்காரரே, நீரு இவ மண்ணக் கூடையில சொமந்து, ஊர்ல செடி நடுற ஒரு குழி விடாம ஒவ்வொரு கைப்பிடி போடும். ஊரு பச்சையாகுற வரைக்கும் வேற வேலை உமக்குக் கெடையாது"ன்னுட்டாரு.

மொத நாளே இடுப்பு ஒடிஞ்சு போச்சு அவருக்கு. கூடையப் போட்டுட்டு வரப்புல உக்காந்து, "காத்தாயி, முடியலை. மிச்சத்த நாளைக்குப் போடட்டுமா?"ன்னாரு.

அவளுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. "போடுங்க மணியக்காரரே. அப்படியே மண்ணுல சாஞ்சுக்கோங்க, அது ஒண்ணும் சொல்லாது"ன்னா.

அன்னிக்குத்தான் அவ நிம்மதியாத் தூங்குனா. கண்ணுக்குத் தெரியாம பாடுபடுறத அழுக்குன்னு நெனச்சுக் கொளுத்திராதீங்க. கதை மண்ணுக்குள்ள போச்சு, மொளகா வெளிய வந்துச்சு, எல்லாரும் படுங்க.