அரியலூர் கேட்காத இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

"இருநூத்திப் பன்னிரண்டு பேரு, டீச்சர். ஒருத்தருக்குக்கூடவா கண்ணு தெரியாது?"

படியேறி வந்த மூச்சு அடங்குமுன்னே சுயம்பு அண்ணாச்சி கேட்டார்.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் சீப்பு விற்றவர். வாயால் பிழைத்து, நாற்பதுக்கு மேல் கம்ப்யூட்டர் கற்று, இப்போது இணைய விண்ணப்பப் படிவங்கள் வடிவமைத்துக் கொடுக்கிறார். கற்றுக்கொடுப்பவர் தங்கலீலா டீச்சர். அண்ணாச்சியைவிட இருபது வயது இளையவர்.

டீச்சரின் இடுப்பில் குழந்தை.

"என்ன ஆச்சு, அண்ணாச்சி?"

"நர்ஸ் தேர்வுக்கு நான் செஞ்ச ஃபாரம். தேர்வு மையம்னு மாவட்டப் பட்டியல் வச்சிருக்கேன். இவங்க முதல்ல இருக்கிற அரியலூரையே போட்டு அனுப்பிட்டு, நாங்க கேக்கவே இல்லைங்காங்க. பேச்சிப்பாறையில அஜிதான்னு ஒருத்தி. பிள்ளை பெத்து இருபது நாளாம். அவ்வளவு தூரம் எப்படிப் போவேன்னு போன்ல ஒரே அழுகை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாத்து நிரப்பியிருக்கணும்னு சொல்லி வச்சிட்டேன்."

"திருத்தத்துக்குத் திறந்து விடலாமே."

"ஆறு மணி வரைக்கும் அது என் கையிலதான். அப்புறம் ஹால் டிக்கெட் போயிடும். ஆனா திறந்தேன்னா தப்பு என் தலையில விழும். நான் என்ன இளிச்சவாயனா?"

மணி நாலேகால்.

டீச்சர் தன் போனை நீட்டினார்.

"அடுத்த மாச வகுப்புக்கு ஒரு இடம்தான் பாக்கி. முதல்ல அதை நிரப்பிடுங்க."

அண்ணாச்சி வாங்கினார்.

"இவளையும் கொஞ்சம் பிடிங்க. அடுப்புல பால் இருக்கு."

குழந்தை மடிக்கு வந்ததும் அவர் கண்ணாடியைப் பிடுங்கியது. பிடுங்கி வாயில் வைத்தது.

"ஏ, கடிக்காத. அது புதுசுடீ."

ஒரு கையில் குழந்தை. ஒரு கையில் போன். பெயரை அடித்தார். ஊரை அடித்தார். அனுப்பினார். போகவில்லை. ஒரு கட்டம் சிவந்து நின்றது. கண்ணைச் சுருக்கிப் பார்த்து, போன் நம்பரைப் போட்டார். மறுபடி அனுப்பினார். பச்சை வந்தது.

"முடிஞ்சது டீச்சர். பிள்ளையையும் வச்சுக்கிட்டு ரெண்டே நிமிஷம். இதுக்குப் போய் அழுதா என்ன செய்ய?"

டீச்சர் பால் டம்ளரோடு வந்தார். போனை வாங்கிப் பார்த்தார்.

"சந்தோஷம். ஒண்ணாந்தேதியில இருந்து காலையில அஞ்சு மணிக்கு வந்திடுங்க."

"அஞ்சு மணியா? நான் எப்பவும் சாயங்கால வகுப்புதானே?"

"அஞ்சு மணின்னு நீங்கதானே அனுப்பியிருக்கீங்க."

"எங்க, காட்டுங்க."

குழந்தையிடமிருந்து கண்ணாடியை மீட்டு, வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். ஊருக்கும் போன் நம்பருக்கும் நடுவில் ஒரு கட்டம். வகுப்பு நேரம்: காலை 5.

"நான் இதைத் தொடவே இல்லையே."

"ஆமா."

"இது சிவக்கவும் இல்ல."

"ஆமா."

"சரி, மாத்தி விடுங்க."

"சமர்ப்பித்தபின் திருத்தம் கிடையாதுன்னு அடியில போட்டிருக்கே, அண்ணாச்சி. உங்க ஃபாரத்துல இருந்து எடுத்த வரிதான்."

அண்ணாச்சிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. வாயைத் திறந்தார். எதிரில் டீச்சர் குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தார். யாரைத் திட்டுவதென்று அவருக்குத் தெரியவில்லை.



பிறகு பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். ஐந்து மணிவரை நிமிரவே இல்லை. படிவம் திறந்தது. தானாகவே அரியலூர் என்று காட்டிய மாவட்டக் கட்டம் இப்போது காலியாக நின்றது.

போனை எடுத்தார்.

"எம்மா அஜிதா, நான் சுயம்பு பேசுறேன். ஃபாரத்தைத் திறந்திருக்கேன். ஆறு மணிக்குள்ள உன் மாவட்டத்தைப் போட்டிரு. மத்தவங்களுக்கும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

அந்தப் பக்கம் அவள் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள்.

"நீ எதுக்கும்மா கேக்கே? அரியலூர்னு எழுதினது நீ இல்ல. நான்."