ஆறாவது தந்தி

ரூபவதி டீச்சரிடம் கிட்டார் படித்தவர்களில் பாக்கியநாதன்தான் மூத்தவர். டீச்சருக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆனாலும் வாசலிலேயே செருப்பைக் கழற்றி, "வணக்கம் டீச்சர்" என்று சொன்ன பிறகுதான் உள்ளே வந்து உட்காருவார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார்.

பாளையங்கோட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்று இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் ஆடுகிற கதவுக் கைப்பிடியை ஒரு திருகு திருகிவிட்டுத்தான் காபியைக் கையில் வாங்குவார். நல்ல மனிதர். சும்மா இருக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

அன்று எலெக்ட்ரிக் கிட்டாரோடு வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

"டீச்சர், ஆறாவது தந்தி செத்துப் போச்சு."

ஆம்ப்ளிஃபயரில் சொருகி மீட்டிக் காட்டினார். மற்ற ஐந்தும் கணீரென்று ஒலித்தன. தடித்த ஆறாவது தந்தி மட்டும் டொக்கென்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அடங்கியது.

"தந்தி பழசா?"

"முந்தாநாத்துதான் மாத்துனேன். புதுசுக்கும் அதே கதிதான்."

"நடுவுல அழுத்திப் பிடிச்சு மீட்டுங்க."

அழுத்திப் பிடித்து மீட்டினார். அப்போதும் டொக்.

"அப்ப மேல தந்தி உக்காருத பள்ளத்துல கோளாறு இல்ல." டீச்சர் குனிந்து கீழ்முனையைப் பார்த்தார். அங்கேயும் தந்தி ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது.

பாக்கியநாதன் பெருமூச்சு விட்டார். "என் நேரம் டீச்சர். வீட்டுல அவ. இங்க இது."

"யாரு, பெனிட்டாவா?"

பெனிட்டா அவருடைய ஒரே மகள். கல்லூரியில் படிக்கிறாள். சர்ச்சில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில் அவள்தான் தனிப்பாட்டு பாடுவதாக இருந்தது. அவளுக்கு வாசிப்பதற்காகவே பாக்கியநாதன் இந்த வயதில் கிட்டாரைத் தூக்கினார்.

"பாட மாட்டேங்கா டீச்சர். இங்கருந்து நேரா கொயர் மாஸ்டர்கிட்ட போயி இன்னைக்கே சொல்லிருவேன்னு கூட வந்திருக்கா. வெளிய வண்டியில உக்காந்திருக்கா, உள்ள வரலைன்னுட்டா. துணி காயப் போடும்போதெல்லாம் பாடுவா டீச்சர், மாடிப்படியில ஒளிஞ்சு நின்னு கேட்டிருக்கேன். இப்ப என் முன்னால வாயத் தெறந்தா கொரலே வரல."

"முன்னாலன்னா?"

"எதுத்தாப்புல, முட்டோட முட்டு இடிக்கத்தான் உக்காருவேன். அப்பத்தான சுருதி எங்க தப்புதுன்னு தெரியும்? தப்புனா உடனே சொல்லிருவேன். சத்தம் கேக்கலைன்னா இன்னும் கிட்டப் போவேன்."

பெற்ற மகளின் பாட்டை இழந்துவிடுவோமோ என்ற பயம் அந்தப் பெரிய உடம்பை எப்படி ஆட்டுகிறது என்று டீச்சர் பார்த்தார்.

தந்திகளுக்கு அடியில் இருந்த கறுப்புப் பட்டையைத் தொட்டார். தந்தியின் அதிர்வை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற பிக்கப் அது. ஒரு பக்கம் மட்டும் தூக்கலாக எழுந்து, தடித்த தந்தியை இடித்துவிடுவதுபோல நின்றது.

"இத ஏத்துனது யாரு?"

"நான்தான். சத்தம் பத்தலைன்னு தோணுச்சு, ஒரு திருகு ஏத்துனேன்."

"பொறவு?"

"அப்பவும் கேக்கல. இன்னும் கொஞ்சம் ஏத்துனேன்."

"பொறவு?"

பாக்கியநாதன் பிடரியைச் சொறிந்தார். "இன்னும் கொஞ்சம்."

டீச்சர் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, பட்டைக்கு மேலே பிடித்தார். அது விரலைவிட்டு நழுவி, டக்கென்று பட்டையில் போய் ஒட்டிக்கொண்டது.

"காந்தம்லா இது!"

"ஆமா அண்ணாச்சி. தந்தி இரும்பு. ரொம்பக் கிட்ட வந்தா ஆட விடாம இழுத்துப் பிடிச்சிரும்."

இரும்பு விற்கிறவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"எவ்வளவு எறக்கணும் டீச்சர்?"

"என்னைக் கேக்காதீங்க. கொஞ்சம் எறக்குங்க, மீட்டுங்க, தந்தியைக் கேளுங்க."

இடப்பக்கமாக ஒரு திருகு. மீட்டினார். பெரிய மாற்றம் இல்லை. இன்னொரு திருகு. தந்தி லேசாக முனகியது. மேலும் கொஞ்சம் இறக்கி மீட்டினார். இப்போது அது வாயைத் திறந்து பேசியது. சத்தம் அறை முழுக்கப் பரவி, நின்று, தன் பாட்டுக்கு மெல்ல அடங்கியது.

"ஆனா சத்தம் கொறஞ்சிட்டே."

"கொறஞ்சிருக்கு. இன்னொரு தடவ கேளுங்க."

மீட்டினார். இந்த முறை அது முழுதாக அடங்கும்வரை கேட்டார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை மேஜைமேல் வைத்துவிட்டு, பண்டிகைப் பாட்டின் மெட்டை அந்த ஒரே தந்தியில் தடவித் தடவி வாசித்தார். சுமாராகத்தான் வாசித்தார். ஆனால் தந்தி நன்றாகப் பாடியது.

ஜன்னல் திறந்திருந்தது. வண்டி நின்ற பக்கமிருந்து முதலில் ஒரு முனகல் வந்தது. அடுத்த வரிக்கு அது பாட்டாகிவிட்டது. யாரும் கேட்கவில்லை என்ற நினைப்பில் பெனிட்டா பாடிக்கொண்டிருந்தாள்.

பாக்கியநாதனின் கை நின்றது. கண் நிறைந்துவிட்டது.

"டீச்சர், பாடுதா! கேட்டீங்களா, பாடுதா!"

டீச்சர் தலையசைத்தார்.

"அந்த ரெண்டாவது வரியில மட்டும் சுருதி லேசா எறங்குது. இருங்க, ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருதேன்."

கிட்டாரைச் சுவரில் சாய்த்தார். பழக்கதோஷத்தில் மேஜைமேல் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"அண்ணாச்சி."

திரும்பினார்.

"ஸ்க்ரூ டிரைவரைக் குடுத்துட்டுப் போங்க."

பாக்கியநாதன் தன் கையைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். திரும்பி வந்து ஸ்க்ரூ டிரைவரை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, சத்தம் வராமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

வெளியே பாட்டு மூன்றாவது வரிக்குப் போயிருந்தது.