பத்துச் சொத்தைக் கிழங்கு

காட்டின் மேட்டு நிலத்தில் தொப்பையாண்டி என்ற பெருச்சாளி ஒரு கம்பெனி நடத்தியது. வளை வேண்டியவர்களுக்கு வளை தோண்டித் தருவதுதான் தொழில். வேலைக்குப் பன்னிரண்டு எலிகள். கம்பெனி இருந்த வளைக்கே ஏழு வாசல்!

எலிகளின் சாப்பாட்டுக்காகத் தொப்பையாண்டி, ஊசியம்மா என்ற முள்ளம்பன்றியிடம் நாற்பது சர்க்கரைவள்ளிக்கிழங்கு கடன் வாங்கியது. மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் பத்து சொத்தை! 'அப்புறம் பேசிக்கொள்ளலாம்' என்று பத்தையும் பின்னறையில் போட்டு மண்ணால் அடைத்துவிட்டது. சோம்பேறிக்கு 'அப்புறம்' என்ற சொல்லைப்போல இனிப்பது வேறெது?

தவணை கடந்தது. ஊசியம்மா ஓர் இலையில் நோட்டீஸ் எழுதி, தன் முள்ளாலேயே வாசலில் குத்திவிட்டுப் போனது. "இருபத்தோரு நாளில் கிழங்கு வராவிட்டால் யானை வரும்!"

தொப்பையாண்டி இலையைத் தின்றுவிட்டு, முள்ளால் பல் குத்திக்கொண்டது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். கடனைக் கட்ட வக்கில்லாமல் நொடித்த கம்பெனியின்மேல் மத்தளத்தார் என்ற யானை வந்து உட்காரும். அத்தோடு கம்பெனி காலி! ஆனால் கடனிலேயே நியாயமான தகராறு இருந்தால் யானை உட்காராது. வழக்கை ஆமையிடம் அனுப்பிவிடும். ஆமை விசாரித்து முடிப்பதற்குள் மூன்று தலைமுறை போய்விடும்.

இருபதாம் நாள் தொப்பையாண்டி யானைக்குப் பயந்து பச்சோந்தி வக்கீலிடம் ஓடியது.

"ஐயா, பத்துக் கிழங்கு சொத்தை. அதைச் சொல்லிவிட்டு, எலிகள் தின்ற முப்பதுக்கு ஈடாகச் சேர்த்து வைத்திருக்கும் முப்பதைக் கொடுத்துவிடட்டுமா?"

"கெடுத்தீரே காரியத்தை! பத்து சொத்தை என்றால் மீதி முப்பது நல்லது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மூச்சு விடாதீர்! நான் தகராறு தயார் செய்கிறேன். என் பீஸ் முப்பது கிழங்கு!"

பச்சோந்தி கிழங்கே தின்னாது. இருந்தாலும் பீஸ் பீஸ்தானே!

மறுநாள் மத்தளத்தார் வந்தது. எலிகள் மூட்டைமுடிச்சுடன் வெளியே வந்து வரிசையாக நின்றன. யானை வளைக்கு முதுகைக் காட்டி மெல்லக் குனிந்தது.

"நிறுத்துங்கள்! கிழங்கு வாங்கவே இல்லை!" என்றது பச்சோந்தி, பச்சை நிறத்தில்.

"இத்தனை நாளும் அதைத்தானே தின்றோம்?" என்றது ஓர் அப்பாவி எலி.

"வாங்கினோம், ஆனால் அது இனாம்!" பச்சோந்தி மஞ்சளானது.

"இனாமா! உன் மூஞ்சிக்கா?" என்று முள்ளைச் சிலிர்த்தது ஊசியம்மா.

"இனாம் இல்லைதான். ஆனால் திருப்பிக் கொடுத்தாயிற்று!" பச்சோந்தி சிவந்தது.

"வாங்காததை எப்படியய்யா திருப்பிக் கொடுத்தீர்? புளுகினாலும் பொருந்தப் புளுக வேண்டும்! சீக்கிரம் முடியுங்கள், எனக்கு முழங்கால் வலிக்கிறது!" என்றது பாதி குனிந்த யானை.

தொப்பையாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. "சாமி! உண்மையைச் சொல்கிறேன். பத்து சொத்தை! பின்னறையில் இருக்கிறது, தோண்டிக் காட்டுகிறேன்!"

"இது நாலாவது கதை! இதற்கெல்லாம் காத்திருக்க என் முழங்காலில் தெம்பில்லை" என்றபடி மத்தளத்தார் உட்கார்ந்தது.

டமால்!

ஏழு வாசலிலிருந்தும் ஒரே நேரத்தில் அழுகல் நாற்றம் புஸ்ஸென்று கிளம்பியது. எலிகள் தலைதெறிக்க ஓடின. மத்தளத்தார் தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு, "அடடா, பத்தும் சொத்தைதான்!" என்றது.

ஊசியம்மா தலையில் அடித்துக்கொண்டது. "அட பாவி! அன்றைக்கே சொல்லியிருந்தால் பத்தைத் தள்ளிவிட்டு, முப்பதை வாங்கிக்கொண்டு போயிருப்பேனே!"

தொப்பையாண்டி பச்சோந்தியைத் தேடியது. அது பழுப்பு நிறமாகி, பீஸாக வாங்கிய முப்பது கிழங்குக்கு நடுவில் முப்பத்தோராவது கிழங்காக உட்கார்ந்திருந்தது.

நியாயமான குறையை உரிய நேரத்தில் சொல்லாமல் பொய்களைத் துணைக்கு அழைத்தவனுக்கு, கடைசியில் சொல்லும் உண்மையும் உதவாது.