ஒரு சாண் வயர்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சாத்தப்பன் வயரிங் கற்றுக்கொள்ளப் போனார். அவருக்கு வயது அறுபத்தொன்று. சொல்லிக்கொடுத்த எலக்ட்ரீஷியன் அடைக்கலமேரிக்கு முப்பத்தாறு. முதல் நாள் விளையாட்டாகத்தான் "குருவே" என்று கூப்பிட்டார். அன்று சாயங்காலமே அவருக்கு ஒரு ஷாக் அடித்தது. அதற்குப் பிறகு விளையாட்டு போய்விட்டது. "குருவே" மட்டும் நின்றது.

சித்திரை மாதத்தில் ஒரு நாள், உச்சி வெயிலில், அவரிடமிருந்து போன் வந்தது.

"குருவே, கார் சார்ஜர் பெட்டியில ரெண்டு நாளா சிவப்பு. சார்ஜ் பதினாலு சதவீதம்தான் இருக்கு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு மதுரையில இருக்கணும்."

எதற்கென்று அவள் கேட்கவில்லை. சாத்தப்பனின் மனைவி உமையாளுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஒரு தடவை, சொல்லி வைத்த வாடகைக் கார் வரவில்லை. மூச்சு வாங்க வாங்க உமையாள் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரமே சாத்தப்பன் இந்த எலக்ட்ரிக் காரை வாங்கிவிட்டார்.

அடைக்கலமேரி போய்ச் சேர்ந்தபோது பெட்டியில் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

"என்ன சார், பச்சையால்ல இருக்கு?"

சாத்தப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. "கம்பெனிக்குப் போன் போட்டேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்'னு ஒரு பொண்ணு அரை மணி நேரம் கொஞ்சிச்சு. அப்புறம் புல்லாங்குழல். மறுபடி கொஞ்சல். வெறுத்துப்போய் வீடியோ பாத்தேன். 'ஹலோ மக்களே! சிவப்பு வருதா மக்களே? ஒரு சாண் வயர் போதும் மக்களே!'ன்னான் ஒருத்தன். போட்டேன். பட்டுனு பச்சை!"

"எங்க போட்டீங்க?"

"சார்ஜர் பிளக்குக்குள்ள. நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து ஒரு முடிச்சு."



 

அடைக்கலமேரி பையிலிருந்து டெஸ்டரை எடுத்து நீட்டினாள். "கார் கதவு போல்ட்டுல வைங்க."

வைத்தார். டெஸ்டர் எரியவில்லை.

"பாத்தீங்களா? ஒண்ணுமே இல்ல!"

"அம்மா எங்க?"

"உள்ள ஃபேனுக்குக் கீழ படுத்திருக்கா."

"அங்கேயே இருக்கச் சொல்லுங்க."

"உமையா, அங்கேயே இரு!"

"நான் எங்க போகப் போறேன்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அடைக்கலமேரி மெயின் போர்டுக்குப் போனாள். மெயினை அணைத்தாள். ஒரே ஒரு கறுப்பு வயரை, நியூட்ரலை, கழற்றினாள். மறுபடி மெயினைப் போட்டாள். திரும்பி வந்து, சட்டென்று உருவ வசதியாக, சுவரில் இருந்த சார்ஜர் பிளக்கைப் பிடித்தபடி நின்றுகொண்டாள்.

ஃபேன் சத்தம் இல்லை. ஃப்ரிட்ஜின் முனகல் இல்லை. பெட்டியில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை.

"கரண்ட்டையே எடுத்துட்டீங்களா?"

"கம்பத்துல கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் கழண்டா வீடு இப்படித்தான் கிடக்கும். நல்ல காத்தடிச்சாப் போதும், கழண்டுக்கும். இப்ப வைங்க."

வைத்தார். டெஸ்டர் எரிந்தது.

எடுத்தார். சட்டையில் துடைத்தார். மறுபடி வைத்தார். அந்த வெயிலிலும் அது எரிவது நன்றாகத் தெரிந்தது.

"கரண்ட்தான் இல்லையே, குருவே..."

"வீட்டுக்கு இல்ல. ஃபேன் வழியா வந்து, உங்க ஒரு சாண் வயரைப் பிடிச்சு, கார் உடம்பு முழுக்க நிக்குது."

சாத்தப்பன் இரண்டடி பின்னால் போனார். சூடு தணியட்டும் என்று கார் நிற்கும் இடத்தைச் சற்று முன்னால்தான் கழுவி விட்டிருந்தார். காலடியில் ஈரம் பளபளத்தது.

அப்போது வாசற்கதவு திறந்தது.

"ஏங்க, ஃபேன் நின்னுபோச்சு. ஒரே புழுக்கம். நான் கார்ல ஏசியைப் போட்டு உக்காந்துக்கறேன்."

கரண்ட் போகும்போதெல்லாம் உமையாள் அப்படித்தான் செய்வார். வெறுங்காலோடு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஈரத்தில் இறங்கினார். கை காரின் கதவை நோக்கி நீண்டது.

"தொடாதே!"

சாத்தப்பன்தான் கத்தினார். அவர் குரல் போலவே இல்லை அது. தெருக்கோடியில் ஒரு நாய் பதில் சொன்னது.

உமையாளின் கை அந்தரத்தில் நின்றது. சாத்தப்பன் கத்தி முடிப்பதற்குள் அடைக்கலமேரி பிளக்கை உருவிவிட்டாள்.

"எதுக்குங்க இப்படிக் கத்துறீங்க? மதுரைக்குப் போகாமலே என் கதை முடிஞ்சிருக்கும்!" என்றார் உமையாள்.



அடைக்கலமேரி மெயினை அணைத்து, நியூட்ரலைத் திரும்ப மாட்டி, மெயினைப் போட்டாள். பிளக்கைத் திறந்து அந்த ஒரு சாண் வயரை வெளியே எடுத்தாள். "எர்த் பிடிக்கலைன்னுதான் பெட்டி சிவப்பு காட்டியிருக்கு. காருக்குப் போட்ட எர்த் குழி எங்க?"

சாத்தப்பன் தன் காலடியைப் பார்த்தார். கார் நிற்குமிடம் அழகாக இருக்கட்டும் என்று மாசி மாதம் டைல்ஸ் பதித்திருந்தார். குழி அதற்கு அடியில் இருந்தது. எர்த் பிடிக்க மண்ணில் ஈரம் வேண்டும்; அன்றிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர்கூட அதற்குள் போகவில்லை.

கடப்பாரையை அவரே எடுத்தார். மூன்று டைல்ஸ் உடைந்தன. உள்ளே மண் முகப்பவுடர் போலப் பறந்தது. பத்து வாளித் தண்ணீர் ஊற்றினார். சத்தமே இல்லாமல் குழி குடித்தது. பெட்டியை மாட்டினார்கள்.

"மறுபடி சிவப்பு, குருவே."

"இருக்கட்டும். ஊற நேரமாகும். என் கொழுந்தன்கிட்ட வேன் இருக்கு. காலையில அஞ்சு மணிக்கு வாசல்ல நிப்பான். பச்சை வந்தாலும் சரி, வராட்டியும் சரி, அம்மா நாளைக்கு அதுலயே போகட்டும்."

உமையாள் தலையாட்டிவிட்டு ஃபேனுக்குத் திரும்பிப் போனார்.

சாத்தப்பன் உடைந்த டைல்ஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டார். 

"கண்ணை மூடினா அவ கைதான் தெரியுது. குருவே, இந்தப் பயம் போறதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

அடைக்கலமேரி டெஸ்டரைப் பைக்குள் போட்டாள்.

"போயிடுச்சுன்னே வைங்க. இன்னொரு நாள் அம்மா இப்படிக் கையை நீட்டினா, யார் சார் கத்துறது?"